கேமரா மாறியது, கை மாறவில்லை

கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும் போட்டோகிராபருக்குக் கிடைப்பது சில விநாடிகள். மஞ்சள் கயிறு பெண்ணின் கழுத்தைச் சுற்றிப் போகும், நாத்தனார் பின்னாலிருந்து முடிச்சுப் போடக் குனிவார், நாலா பக்கமிருந்தும் அட்சதை விழும். யாராவது ஒரு மாமா கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி சரியாகக் குறுக்கே வந்து நிற்பார். விட்டால் போனதுதான். இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. (சொன்னவர்களும் உண்டு. அது வேறு கதை.)

இந்த விநாடிகளை நம்பிப் பிழைக்கிறவர்களிடையே சில ஆண்டுகளாகப் பெரிய இடமாற்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கேனானிலும் நிக்கானிலும் தொழில் பழகியவர்கள் சோனிக்குப் போனார்கள். போனவர்களில் சிலர் இப்போது பழைய வீட்டுக்கே திரும்புகிறார்கள். வேறு சிலர் ஃபியூஜிஃபிலிம் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். ஏன் மாறினீர்கள் என்று கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் 'கிளாரிட்டி'யாக இருக்கும். இரண்டாவது, 'வெயிட் கம்மி'. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை அவர்கள் காட்டும் இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

செய்தி உலகத்திலும் இந்த நகர்வைப் பார்த்தோம். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 2020 ஜூலையில் தன் புகைப்படக்காரர்களுக்கும் வீடியோ செய்தியாளர்களுக்கும் இனி சோனி கருவிகளே என்று அறிவித்தது. அங்கே அலுவலகம் வாங்கித் தரும், பழகிக்கொள்வது மட்டும்தான் ஊழியரின் வேலை. நம் ஊர்க் கல்யாண போட்டோகிராபர் மாதத் தவணை கட்டி மாறுகிறவர். ஒரு பாடியை விற்று, இரண்டு லென்ஸை விற்று, மிச்சத்துக்குக் கடன் வாங்கி மாறுகிறவர். அவருக்கு இது சரியாகத் தெரிந்தாக வேண்டும்: கம்பெனி மாறினால் மாறுவது எது, மாறாதது எது?

ஃபிலிம் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். யாஷிகாவை வைத்துவிட்டு நிக்கான் எஃப்எம்2 வாங்கிய ஸ்டூடியோக்காரர், உள்ளே போட்டது அதே கோடாக் சுருளையோ கோனிகா சுருளையோதான். நிறம் சுருளில் இருந்தது. பிறகு லேபில் பிரிண்ட் போடுபவரின் கண்ணில் இருந்தது. கேமரா மாறினால் லென்ஸின் கூர்மை கொஞ்சம் மாறும், மற்றபடி மாறியது கையின் பழக்கம் மட்டுமே. டிஜிட்டல் வந்ததும் சுருளைக் கழற்ற முடியாதபடி கேமராவுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். கம்பெனி மாறுகிறவர் அன்றிலிருந்து கை, கண், சுருள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுகிறார். எது எதனால் மாறியது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல வருவதில்லை. படம் நன்றாக வந்தால் சென்சாருக்குப் புகழ், கெட்டுப்போனால் மெனுவுக்குத் திட்டு.

நிழலுக்குள் இருந்த கோடுகள்

எல்லாக் கேமராவும் ஒன்றுதான் என்று சொல்கிறவரும் தவறாகத்தான் சொல்கிறார். ஒரு காலத்தில் வித்தியாசம் இருந்தது, அளந்து காட்டும் அளவுக்கு இருந்தது. 2012-இன் தொடக்கத்தில் சில வார இடைவெளியில் இரண்டு கேமராக்கள் அறிவிக்கப்பட்டன. 36 மெகாபிக்ஸல் நிக்கான் டி800, 22 மெகாபிக்ஸல் கேனான் 5டி மார்க் 3. மெகாபிக்ஸலை எல்லோரும் பேசினார்கள். உண்மையான இடைவெளி வேறு இடத்தில் இருந்தது. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவே எவ்வளவு தூரத்தை ஒரே படத்தில் பிடிக்க முடியும் என்பதை சென்சார்களைச் சோதிக்கும் டிஎக்ஸ்ஓ மார்க் தளம் அளந்தபோது, டி800-க்கு 14.4 ஸ்டாப், 5டி மார்க் 3-க்கு 11.7 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு என்பதால், இந்த வித்தியாசம் ஆறு மடங்குக்கும் மேல்.

காரணம் லென்ஸிலோ நிறத்திலோ இல்லை, ஒரு சிப்பின் அமைப்பில் இருந்தது. சென்சாரில் விழும் வெளிச்சம் முதலில் மின்னழுத்தமாகிறது, பிறகு எண்ணாக மாற்றப்படுகிறது. கேனான் அந்த மின்னழுத்தத்தைச் சென்சாருக்கு வெளியே எடுத்துப்போய், வேறொரு சிப்பில் எண்ணாக மாற்றியது. போகிற வழியில் இரைச்சல் சேர்ந்துகொண்டது. சோனி தன் சென்சார்களில் பிக்ஸல் வரிசை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு மாற்றியை அதே சிப்புக்குள் வைத்துவிட்டது. வழிப்பயணமே இல்லை. டி800-க்குள் இருந்தது சோனி செய்த அப்படியொரு சென்சார். நிக்கானின் பல கேமராக்களுக்குச் சென்சார் செய்து கொடுப்பது சோனிதான் என்பது தொழிலில் பலருக்கும் தெரிந்த சங்கதி. நிக்கானை விட்டு 'சோனி சென்சாருக்காக' சோனிக்குப் போனவர்கள் அதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நடைமுறையில் இது எங்கே தெரிந்தது? கோயில் பிராகாரத்தில், பகல் பதினோரு மணி வெயிலில். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி வெளுத்துப் போகாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து எடுப்பார்கள். முகங்கள் மண்டப நிழலில் இருண்டு போகும். வீட்டுக்கு வந்து லைட்ரூமில் நிழலைத் தூக்கினால், நிக்கான் படத்தில் முகம் எழுந்து வரும். பழைய கேனான் படத்தில் முகத்தோடு சேர்ந்து வரிவரியாகக் கோடுகளும் எழுந்து வரும். கறுப்பு கோட்-சூட்டின் மேல் அந்தக் கோடுகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 100, 200 என்று வைத்து எடுக்கும்போதுதான் இந்த வித்தியாசம் பெரிது. மாலை ரிசப்ஷனில் ஐஎஸ்ஓ 1600, 3200-க்குப் போனால் ஏறக்குறைய காணாமல் போகும். அங்கே சிக்னலைச் சென்சாருக்குள்ளேயே பெருக்கிவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறார்கள். வழியில் சேரும் இரைச்சல் அந்தப் பெருக்கத்தின் முன் ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. ஆக, மலையும் கடலும் எடுக்கிறவர், வெயிலில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடத்துகிறவர் மாறியதில் அர்த்தம் இருந்தது. இரவெல்லாம் ஏசி மண்டபத்துக்குள் நின்று எடுப்பவருக்கு அந்த மாற்றத்தால் கிடைத்தது மிகக் குறைவு.

2016-இல் 1டிஎக்ஸ் மார்க் 2, 5டி மார்க் 4 ஆகியவற்றோடு கேனானும் அந்த மாற்றியைச் சென்சாருக்குள் கொண்டுவந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று கம்பெனிகளின் பெரும்பாலான முழு ஃபிரேம் கேமராக்களுக்கு நடுவே இருப்பது, ஆல்பத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் படாத வித்தியாசம். 2018-இலும் 2020-இலும் இந்தக் காரணத்தைச் சொல்லி மாறியவர்கள் பழைய கணக்கை வைத்து மாறியவர்கள்.

அச்சில் என்ன தெரியும் என்பதையும் ஒரு தரம் கூட்டிப் பார்த்துவிடலாம். கல்யாண ஆல்பத்தின் விரிந்த இரட்டைப் பக்கம் பெரும்பாலும் 12-க்கு 36 அங்குலம். 24 மெகாபிக்ஸல் படத்தின் அகலம் 6000 புள்ளிகள். ஒரே படத்தை முழு விரிப்புக்கும் இழுத்தால் அங்குலத்துக்கு 167 புள்ளி கிடைக்கும். 45 மெகாபிக்ஸலில் 229. மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் இரண்டும் போதும். ஒற்றைப் பக்கத்தில் படம் போட்டால் 24-லேயே 300 புள்ளிக்கு மேல் வந்துவிடுகிறது. பெரிய ஃபைல் தருவது நிறைய வெட்டிக்கொள்ளும் வசதி, அதற்குக் கூலி ஹார்ட் டிஸ்க் செலவு.

அரக்குப் புடவையும் மாநிறமும்

நிறம் பற்றிய சண்டை இதைவிடப் பிடிவாதமானது. கேனானில் முகம் சிவந்து உயிரோடு இருக்கும், சோனியில் மஞ்சளும் பச்சையுமாக வாடிப்போகும், நிக்கான் இரண்டுக்கும் நடுவில் என்று ஒரு பேச்சு நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜேபெக்கில் எடுத்து அப்படியே கொடுக்கிறவர்களுக்கு அதில் நிஜம் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் சிவப்பை எங்கே வைப்பது, தோலை எவ்வளவு வெதுவெதுப்பாக்குவது என்று தனக்கென ஒரு சமையல் வைத்திருக்கிறது. பழைய சோனிகளின் தானியங்கி வெள்ளைச் சமநிலை மீது வந்த புகாரில் நியாயமும் இருந்தது, பின்னால் வந்த மாடல்களில் அதைச் சரிசெய்யவும் செய்தார்கள்.

ரா ஃபைலில் எடுக்கிறவருக்குச் சங்கதி வேறு. ராவில் நிறம் என்று ஒன்று முடிவாகவே இருப்பதில்லை. திறக்கிற மென்பொருள்தான் நிறம் கொடுக்கிறது. லைட்ரூமில் முதலில் கண்ணில் படும் நிறம் பெரும்பாலும் அடோபி தயாரித்து வைத்த புரொஃபைலின் நிறம். அதைக் கேமராவின் குணமென்று எடுத்துக்கொண்டு, 'இந்தக் கம்பெனி ஸ்கின் டோன் சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஒரே முகத்தை ஒரே வெளிச்சத்தில் இரண்டு கேமராவிலும் எடுத்து, வெள்ளைச் சமநிலையைக் கெல்வின் எண்ணில் பூட்டி, ஒரு நிற அட்டையை வைத்துப் புரொஃபைல் போட்டுவிட்டால், முக்கால்வாசி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மீதிக் கால்வாசியைப் பற்றிப் பேசலாம், அது நம் மண்டபங்களுக்கே உரியது. மேடைக்கு மேலே மஞ்சள் பல்பு, பக்கத்தில் வீடியோக்காரர் பிடித்திருக்கும் வெள்ளை எல்இடி பேனல், பின்னால் நீலமும் ஊதாவுமாக மாறும் அலங்கார விளக்கு. மாநிற முகத்தின் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மறு கன்னம் சாம்பலாகவும் வரும் இந்த வெளிச்சத்தை எந்தக் கம்பெனியின் சமையலும் காப்பாற்றாது. அரக்குக் கூறைப்புடவை இன்னொரு சோதனை. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புச் சேனல் மட்டும் தனியாக நிரம்பி வழிந்துவிடும். ஹிஸ்டோகிராமின் பொதுக்கோடு எல்லாம் சரி என்று காட்டும், புடவையின் மடிப்பும் ஜரிகைக்கு அருகில் இருக்கும் நெசவும் மட்டும் ஒரே சிவப்புத் திட்டாக உறைந்துபோயிருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, கொஞ்சம் குறைத்து எடுக்கிறவருக்கு எல்லாக் கம்பெனியிலும் நெசவு கிடைக்கும். பார்க்காதவருக்கு எதிலும் கிடைக்காது. கம்பெனி மாறியதும் 'புடவை கலர் சூப்பரா வருது' என்று சொல்கிறவர்கள், புதுக் கேமரா என்பதால் சில நாள் கவனமாகப் பார்த்து எடுத்தார்கள் என்பது என் சந்தேகம்.

159 கிராம்

எடைக்கு வருவோம். சோனி ஏ7-இன் மூன்றாம் பதிப்பு, பேட்டரியும் கார்டும் சேர்த்து 650 கிராம். கேனான் 5டி மார்க் 4, 890. நிக்கான் டி850, 1005. கடைக்காரர் கையில் பாடியை மட்டும் கொடுத்தால் எவருக்கும் மனம் சாயும். பாடியை மட்டும் வைத்துப் படம் எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். 5டி மார்க் 4-இல் 24-70 எஃப் 2.8 லென்ஸை மாட்டினால் மொத்தம் 1695 கிராம். அந்த சோனியில் சோனியின் அதே ரக முதல் லென்ஸை மாட்டினால் 1536. வித்தியாசம் 159 கிராம். சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் எடைகூட வராது. கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராவில் பாடி சிறுத்தது. முழு ஃபிரேமுக்கு எஃப் 2.8 வெளிச்சம் கொடுக்கும் கண்ணாடிக் கட்டி அதே அளவில் சிறுத்துவிடவில்லை.

தோளும் மணிக்கட்டும் உணர்வது மொத்த எடையை மட்டும் இல்லை, எடை எங்கே விழுகிறது என்பதையும்தான். சிறிய பாடியில் பெரிய லென்ஸ் மாட்டினால் கேமரா முன்பக்கமாகச் சாயும். தொடக்கக்கால ஏ7 கேமராக்களில் பிடிமானம் குட்டையானது. மூன்று விரல் பிடிக்கும், சுண்டு விரலுக்கு இடமில்லாமல் அடியில் மடிந்து தொங்கும். முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று நின்றபிறகு வலிப்பது அந்தச் சுண்டு விரலும் அதை ஒட்டிய உள்ளங்கையும்தான். பிறகு அதற்கென்று ஒரு பேட்டரி கிரிப் வாங்கி மாட்டுவார்கள். குறைத்த எடை அப்படியே திரும்பி வந்து சேரும். ஏ7-இன் நான்காம் பதிப்பு வருவதற்குள் சோனியே பிடிமானத்தை ஆழப்படுத்திவிட்டது.

பேட்டரிக் கணக்கையும் யாரும் கடையில் சொல்வதில்லை. தர அளவுகோலின்படி டி850-இன் ஒரு பேட்டரிக்கு 1840 படம், 5டி மார்க் 4-க்கு 900. 2013-இல் வந்த முதல் ஏ7-க்கு 340. முதலில் மாறியவர்கள் பையில் அரை டஜன் பேட்டரியோடு அலைந்தார்கள். 2017-இல் ஏ9-உடன் வந்த பெரிய பேட்டரி ஏ7-இன் மூன்றாம் பதிப்புக்கும் கிடைத்த பிறகே அந்த அவதி குறைந்தது.

உண்மையில் எடையைக் குறைத்தது ஒரு லென்ஸ். 2018-இல் டாம்ரான் சோனிக்கென்று கொண்டுவந்த 28-75 எஃப் 2.8 வெறும் 550 கிராம். அதே சோனி பாடியில் மாட்டினால் மொத்தம் 1200. இப்போது பழைய கேனானோடு ஒப்பிட்டால் அரைக் கிலோ குறைவு. 24 மில்லிமீட்டரின் அகலத்தை விட்டுக்கொடுத்துப் பெற்ற லேசு அது. விலையும் குறைவு. பலர் சோனிக்கு மாறினார்கள் என்பதைவிட இந்த லென்ஸுக்கு மாறினார்கள் என்பதே சரி. தன் மவுண்ட்டின் விவரங்களைப் பிற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்கு 2011-லேயே திறந்துவிட்ட சோனி, இதன் பலனை அறுவடை செய்தது. கேனான் தன் மிரர்லெஸ் கேமராக்களின் ஆர்எஃப் மவுண்ட்டை நெடுநாள் பூட்டியே வைத்திருந்தது. சிக்மாவும் டாம்ரானும் அதற்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்வதாக அறிவிக்க 2024 ஆகிவிட்டது, அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களோடுதான் தொடங்கியது.

எந்தப் பக்கம் திருகுவது?

கைக்குப் பழக்கம் உண்டு, அதைக் கேட்டு மாற்ற முடியாது. நிக்கானில் லென்ஸை மாட்டத் திருகும் திசை ஒன்று, கேனானிலும் சோனியிலும் அதற்கு நேர் எதிர். ஜூம் வளையத்தைத் திருகும் திசையிலும் நிக்கானும் கேனானும் எதிரெதிர். பழைய நிக்கான்களில் வெளிச்ச அளவுகோலின் கூட்டல் குறி இடது பக்கம், கேனானில் வலது பக்கம். டயல் சுற்றும் திசையையும் அளவுகோலையும் மெனுவுக்குள் போய் மாற்றிக்கொள்ளலாம். லென்ஸின் உலோகத்தை எந்த மெனுவும் மாற்றாது. பழைய பஜாஜ் ஸ்கூட்டரை வருடக்கணக்கில் ஓட்டியவர் மோட்டார் சைக்கிள் ஏறினால், கிளட்ச் பிடித்த இடது கை கியரையும் சேர்த்துத் திருகப் பார்க்கும் அல்லவா, அதுதான்.

சாதாரண நேரத்தில் இது ஒரு தொல்லையே இல்லை. ஒரு நொடி தடுமாறி, சரியான பக்கம் திருகிக்கொள்வார்கள். ஓய்வாக இருக்கும்போது மூளை சொல்வதைக் கை கேட்கும். கெட்டிமேளச் சத்தத்தில் கேட்காது. தாலி முடிச்சை நெருக்கமாக எடுக்க வேண்டிய நேரத்தில் ஜூம் எதிர்ப்பக்கம் ஓடி, மண்டபத்துக் கூரையோடு சேர்த்து அகலமாக ஒரு படம் விழும். அப்படி விழுந்த படத்தில் சென்சார் எத்தனை ஸ்டாப் பிடித்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. வசதி வேறு, தரம் வேறு என்று இரண்டு பட்டியல் போட்டு ஒப்பிடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். கை தடுமாறாத கேமராவில்தான் நல்ல படம் எண்ணிக்கையில் கூடும்.

மெனுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோனியின் பழைய மெனு ஒரு காடு. தொடுதிரை இருந்தும் மெனுவைத் தொட முடியாது. 2020-இல் ஏ7எஸ்-இன் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் ஒழுங்குபடுத்தினார்கள். வேண்டியதையெல்லாம் பொத்தான்களில் ஒரு தடவை ஒதுக்கிவிட்டால் பிறகு மெனுவுக்குள் போக வேண்டியதே இல்லை என்பது பழகியவர்களின் பதில், அது சரிதான்.

கிளாரிட்டி எங்கிருந்து வந்தது?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் பார்ப்பது படம் பதிவாகும் சென்சார் இல்லை. கண்ணாடிக்குக் கீழே தனியாக ஒரு சென்சார் அந்த வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு தூரம் பிசகினாலும், 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து எடுக்கும்போது கண்ணுக்குப் பதிலாகக் காதோ மூக்கு நுனியோ கூர்மையாகும். லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் இந்தப் பிசகு வேறு வேறு. மெனுவில் திருத்தம் போட்டு, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, அதுவும் சரிவராமல், 'இந்த லென்ஸ் ஓப்பன்ல சாஃப்ட்டு' என்று ஒதுக்கி வைத்தவர்கள் ஏராளம். ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே கொத்தாக இருக்கும். டி750-இல் 51, 5டி மார்க் 3-இல் 61, எல்லாமே மையத்தை ஒட்டி. நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிக்கொண்டு சட்டகத்தை நகர்த்துவார்கள். நகரும்போது இன்னும் கொஞ்சம் பிசகும்.

கண்ணாடி இல்லாத கேமராவில் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. பிசகுவதற்கு இரண்டாவது ஆள் இல்லை. ஏ7-இன் மூன்றாம் பதிப்பில் 693 புள்ளிகள் சட்டகத்தின் 93 சதவீதத்தை மூடின. 2019 ஏப்ரலில் வந்த ஃபர்ம்வேர் மாற்றத்துக்குப் பிறகு, மணப்பெண்ணின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துத் தொடர்ந்தது. மாறியவர்கள் கிளாரிட்டி என்று சொன்னது இதைத்தான். அதே பழைய 85-ஐ அடாப்டரில் மாட்டியபோதுகூட அது திடீரென்று 'ஷார்ப்' ஆகியிருக்கும். லென்ஸ் முன்பும் ஷார்ப்தான், குறி தவறிக்கொண்டிருந்தது.

இது சோனியின் நிறத்தாலோ சென்சார் இரைச்சலாலோ வந்ததில்லை, கண்ணாடியைக் கழற்றியதால் வந்தது. அதே ஆள் சற்றுப் பொறுத்திருந்து கேனான் ஆர்6 வாங்கியிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் 2018-இல் நின்று பார்த்தால் பொறுக்க முடியாமல் போனதற்கும் காரணம் தெரிகிறது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்களையும் கேனான் இஓஎஸ் ஆர் கேமராவையும் கொண்டுவந்தன. மூன்றிலும் ஒரே ஒரு கார்டு சொருகும் இடம்! ஊரான் வீட்டுக் கல்யாணத்தை ஒற்றைக் கார்டில் எடுக்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? சோனியில் இரண்டு இடம் இருந்தது. 2020-இல் ஆர்5, ஆர்6, இசட்6-இன் இரண்டாம் பதிப்பு எல்லாவற்றிலும் இரண்டு வைத்தார்கள். அதற்குள் பலர் தவணை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

கண்ணுக்கு வந்த மாற்றமும் பெரிது. எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டரில் படம் எப்படி வரப்போகிறதோ அப்படியே தெரிகிறது. எடுத்துவிட்டுத் தலை குனிந்து பின்திரையைப் பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது. அந்தக் குனிந்த நொடியில் தப்பிப்போன சிரிப்புகள் இப்போது தப்புவதில்லை. ஆனால் எட்டு மணி நேரம் கண்ணருகே குட்டித் திரையைப் பார்ப்பது சிலருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. டிஎஸ்எல்ஆரில் தெரிவது கண்ணாடி வழியே வரும் நிஜ வெளிச்சம். வெயிலில் நின்று பார்க்கும்போது அதன் தெளிவுக்கு இணை இல்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இதற்காகவே திரும்பிப் போனால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சத்தமில்லாத ஷட்டர் வந்ததும் புரோகிதருக்கு நிம்மதி. ஆனால் அந்த எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. எல்இடி சுவருக்கு முன்னால் எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும், எல்இடி சுவர்கள் அதற்கும் அடங்காத கதியில் மினுக்கும். ஆகவே மண்டபத்தில் சத்தம் போடும் மெக்கானிக்கல் ஷட்டரே பத்திரம். குரூப் போட்டோவுக்கும் அதுதான் நல்லது. 'டக்' என்று கேட்காதவரை சொந்தக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார்கள்.

பழைய லென்ஸை என்ன செய்வது?

1987-இல் கேனான் தன் பழைய எஃப்டி மவுண்ட்டைக் கைவிட்டு இஎஃப் மவுண்ட்டுக்கு மாறியபோது, லென்ஸ் சேர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். நிக்கான் 1959-இன் எஃப் மவுண்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நல்ல பெயர் வாங்கியது. காலம் அதைத் திருப்பிப் போட்டது. கேனானின் இஎஃப் லென்ஸில் துளையைத் திறந்து மூடுவதும் ஃபோகஸ் மோட்டாரும் எல்லாமே மின்சாரம். அதனால் ஒரு அடாப்டரை வைத்து சோனியிலேயே ஓட்ட முடிந்தது, கேனானின் புது ஆர்எஃப் பாடியில் கேட்கவே வேண்டாம். கேனான்காரர்கள் லென்ஸை விற்காமல் பாடியை மட்டும் மாற்றி, மெதுவாக ஒவ்வொன்றாக நகர்ந்தார்கள்.

நிக்கானின் பழைய லென்ஸ்களில் துளையை நகர்த்துவது ஒரு சிறு நெம்புகோல், பெரும்பாலான டி வகை லென்ஸ்களில் ஃபோகஸைத் திருகுவது பாடிக்குள் இருக்கும் மோட்டார். நிக்கானே விற்ற எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. நம் ஊரில் கைக்குக் கை மாறி உழைத்த 50 எஃப் 1.8 டி, 85 எஃப் 1.8 டி, 80-200 எஃப் 2.8 டி எல்லாம் இசட் பாடியில் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களாகிவிட்டன. சொந்தக் கம்பெனியிலேயே லென்ஸ் செல்லாது என்றான பின் வேறு கம்பெனிக்குப் போக என்ன தயக்கம்? நிக்கான்காரர்கள் பலர் வெளியேறியதற்கு இந்த ஒரு மோட்டார் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

ஃபிளாஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கம்பெனி ஃபிளாஷ் என்றால் ஷூவில் இருக்கும் தொடுபுள்ளிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, விற்றாக வேண்டும். கோடாக்ஸ் (Godox) மாதிரி வெளிக் கம்பெனி விளக்குகளைத் தள்ளி நிறுத்தி அடிக்கிறவர்கள், கேமரா மேல் இருக்கும் டிரிக்கரை மட்டும் மாற்றினால் போதும்.

தூசி விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கண்ணாடி இல்லாததால் லென்ஸைக் கழற்றிய நொடியில் சென்சார் திறந்து கிடக்கும். கேனான் இஓஎஸ் ஆர் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும், சோனியில் அந்த ஏற்பாடு பிந்திய மாடல்களில்தான் வந்தது. அட்சதையும் மஞ்சள்தூளும் ஹோமச் சாம்பலும் பறக்கும் மேடையில் லென்ஸ் மாற்றுகிறவர்கள் இரண்டு பாடியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாறுவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு மதியம் எடுத்து, மாடியில் நின்று மரத்தையும் நண்பனின் முகத்தையும் படம்பிடித்து, கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கி இமையைப் பார்த்துவிட்டு முடிவுசெய்கிறார்கள். அதில் எந்தக் கேமராவும் தோற்காது. ஒரு முழுக் கல்யாணத்துக்கு இரண்டாவது ஆளாகப் போக வேண்டும், பொறுப்பு தலைமேல் இல்லாத நிலையில். மறுநாள் நன்றாக வந்த படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, கெட்டுப்போனவற்றை மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஃபோகஸ் தவறியவை எத்தனை, ஜூம் எதிர்ப்பக்கம் போனவை எத்தனை, வேறு பொத்தானை அழுத்தியதால் போனவை எத்தனை? பழைய கேமராவில் எடுத்த பழைய கல்யாணம் ஒன்றின் கழிவுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தால், ஃபோகஸ் கழிவு குறைந்திருக்கிறதா, கை கழிவு கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கை கழிவு சில மாதத்தில் குறையும். ஃபோகஸ் கழிவு அப்படித் தானாகக் குறையாது.

மாறுவதென்று முடிவாகிவிட்டால், வைகாசி முகூர்த்தங்களுக்கு முந்தின வாரம் மாறக் கூடாது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, பழகிக்கொள்ள அதைவிட நல்ல மாதம் வேறில்லை. பழைய பாடியையும் ஒரு லென்ஸையும் அந்தப் பருவம் முடியும்வரை விற்காமல் பையில் வைத்திருக்கலாம். ஆனால் ஒரு தோளில் நிக்கானும் மறு தோளில் கேனானுமாக மேடை ஏறுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.